ரீலோடிங் பிரஸ்ஸுக்கு ஆயிரம் டாலர் போடலாமா? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கால துப்பாக்கி சுடற ரேஞ்சுக்குப் போக ஆரம்பிச்ச நம்ம ஆளுங்க பல பேர் சீக்கிரமே வந்து நிக்கிற இடம் இது. தோட்டா வாங்கியே காசு கரையுது, பக்கத்து லேன்ல சுடுற பெரியவர் கீழ விழுந்த காலி கேஸையெல்லாம் (சுட்ட தோட்டாவோட பித்தளை ஓடு) பொறுக்கி ஒரு பைல போட்டுக்கறார், கேட்டா வீட்டுலயே திரும்ப லோட் பண்ணிக்கறேன்னு சொல்றார், அன்னைக்கு ராத்திரி வீடியோல அந்த நீலக் கலர் டில்லன் பிரஸ், அதாவது தோட்டா செய்யற மெஷின், கடகடன்னு தோட்டா தள்ளுறத பாத்துட்டு மறுநாள் காலைல 1500 டாலருக்கு சாமான கார்ட்ல ஏத்தி வச்சுட்டு "வாங்கலாமா ப்ரோ"ன்னு மெசேஜ் வருது.

என் அபிப்பிராயத்த மொதல்லயே சொல்லிடறேன். ஆரம்பிக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு காஸ்ட்லி பிரஸ் தேவையில்ல, ஆனா தராசுலயும் கேஸ்லயும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. விலை ஏற ஏற பிரஸ் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தர்றது முக்கியமா நேரம்தான். அந்த நேரம் உங்களுக்கு எவ்வளவு தேவைங்கறத கணக்குப் போட்டா பாதி முடிவு தானா வந்துடும்.

கணக்குக்கு முன்னாடி சட்டம்

இத தாண்டிப் போயிடாதீங்க. ஹெச்1பி, எஃப்1, எல்1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கீங்கன்னா, துப்பாக்கியும் தோட்டாவும் கையில வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குத்தம். வேலிட் ஹண்டிங் லைசன்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, ஆனா அது உங்களுக்குப் பொருந்துமான்னு ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து கேட்டுக்கங்க, ரேஞ்சுல யாரோ சொன்னாங்கன்னு நம்பாதீங்க. இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல: அந்தச் சட்டத்துல தோட்டான்னா முழுசா செஞ்ச தோட்டா மட்டும் கிடையாது, காலி கேஸ், பிரைமர் (பவுடர பத்த வைக்கற சின்ன மூடி), புல்லட் (பறந்து போற குண்டு மட்டும்), பவுடர் எல்லாமே அந்த வரையறைக்குள்ள வரும். அதனால "நான் துப்பாக்கி வாங்கல, சும்மா பவுடர் பிரைமர்தான் வாங்கினேன்"ங்கறது எடுபடாது. கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் இருக்கறவங்களுக்கு விசாவ வச்சு வர்ற இந்தத் தடை இல்ல.

சொந்தமா சுடறதுக்கு லோட் பண்ண ஃபெடரல் லைசன்ஸ் வேண்டாம். ஆனா செஞ்சத நாலு ஃபிரண்ட்ஸுக்கு காசுக்கு வித்தா அது தயாரிப்பு வியாபாரம், அதுக்குத் தனி லைசன்ஸ் வேணும். ஸ்டேட் சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அத நீங்கதான் பாத்துக்கணும்.

அப்புறம் இந்தியால இருந்து படிக்கறவங்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி அங்க லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குத்தம், இது அங்க வீட்டுல செய்யற பொழுதுபோக்கே கிடையாது. இங்க இருந்து ஊருக்குப் போறவங்க ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பைய ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகவே போகாதீங்க. பை அடில ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்து, இந்திய ஏர்போர்ட்ல ஸ்கேனர்ல மாட்டி கேஸாகி லீவு முழுக்க கோர்ட்டு வாசல்ல நின்னவங்க இருக்காங்க. காலி கேஸ் கூட வேண்டாம்.

மெஷின் எத்தன வகை, என்ன வித்தியாசம்

ஒரு தோட்டால நாலு சாமான்: பித்தளை கேஸ், பிரைமர், பவுடர், புல்லட். சுட்டதுக்கு அப்புறம் மிஞ்சறது கேஸ் மட்டும்தான், விலையிலயும் பெரும்பாலும் அதுதான் ஒசத்தி, அத திரும்பத் திரும்ப பயன்படுத்தறதுதான் ரீலோடிங். கழுவி, பழைய பிரைமர தள்ளி, வீங்கின கேஸ பழைய அளவுக்கு கொண்டு வந்து, ரைஃபிள் கேஸா இருந்தா நீளம் வெட்டி, புது பிரைமர் அழுத்தி, பவுடர் அளந்து ஊத்தி, புல்லட்ட உக்கார வைக்கணும்.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல ஒரு நேரத்துல ஒரு வேலைதான், கைப்பிடிய ஒரு தடவ இழுத்தா ஒரு கேஸுக்கு ஒரு வேல முடியும். டரெட்ல நாலோ அதுக்கு மேலயோ டை (கேஸ அளவுக்கு கொண்டு வர்ற, புல்லட்ட உக்கார வைக்கற அச்சு) ஒரு வட்டத் தலைல மாட்டியிருக்கும், தலை சுத்தும், கேஸ் அதே இடத்துல நிக்கும். ப்ரோக்ரஸிவ்ல கேஸுங்கதான் சுத்தி வரும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு வேல நடந்து கடைசில ஒரு முழுத் தோட்டா விழும். சிங்கிள் ஸ்டேஜ்ல நிதானமா செஞ்சா மணிக்கு 50, 60 தோட்டா. டரெட்ல 150 பக்கம். டில்லன் 750 மாதிரி மெஷின்ல கை பழகினவங்க 600க்கு மேலயே எடுக்கறாங்க.

இப்ப கணக்கு

வாங்கப் போற சாமான விடுங்க, மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க: எந்த காலிபர் (தோட்டா அளவு), மாசம் எத்தன ரவுண்டு, எதுக்கு சுடறீங்க. கீழ நான் போட்டிருக்கற விலையெல்லாம் கணக்குக்காகத்தான், உங்க ஊர் விலைய நீங்க போட்டுக்கங்க.

9 எம்எம் எடுத்துக்கலாம். கடைல மொத்தமா வாங்கினா ரவுண்டு 25 சென்ட்டுக்குக் கிடைக்குதுன்னு வைங்க. நீங்க செஞ்சா பிரைமர் 7 சென்ட், புல்லட் 10 சென்ட், பவுடர் 2, 3 சென்ட், கேஸ் கீழ பொறுக்கினது, ஆக 20 சென்ட். மிச்சம் 5 சென்ட். 1500 டாலர் மெஷின் காசு திரும்ப வரணும்னா 30,000 ரவுண்டு சுடணும். மாசம் 200 சுடறவருக்கு அது பன்னெண்டு வருஷத்துக்கு மேல! அதனால மாசத்துக்கு நாலு பெட்டி 9 எம்எம் சுடறவங்க காசு மிச்சம் பண்றேன்னு பெரிய மெஷின் வாங்கறதுல அர்த்தமே இல்ல. கடைல வாங்குங்க, சந்தோஷமா சுடுங்க.

இதுவே 6.5 கிரீட்மோர் ரைஃபிள் தோட்டான்னா கதையே வேற. ஹார்னடி 2007ல கொண்டு வந்த காலிபர், தூரம் சுடறவங்க நிறைய பேர் இதுலதான் ஆரம்பிக்கறாங்க. மேட்ச் தோட்டா, அதாவது போட்டிக்குன்னு துல்லியமா செஞ்சது, ரவுண்டு 1.60 டாலர்னு வைங்க. நீங்க செஞ்சா புல்லட் 45 சென்ட், பவுடர் 28, பிரைமர் 8, நல்ல கேஸ் பத்து தடவ ஓடும்னு வச்சா 12, மொத்தம் 93 சென்ட். ரவுண்டுக்கு 67 சென்ட் மிச்சம். 500 டாலர் செட் வாங்கினா 750 ரவுண்டுலயே காசு திரும்பிடும். மாசம் 100 ரவுண்டு சுட்டா எட்டு மாசம்.

ஆனா உண்மைய சொல்லணும்னா, ரீலோட் பண்ற யாரோட வீட்டுலயும் தோட்டாச் செலவு குறையறதில்ல, அதே காசுக்கு அதிகமா சுட ஆரம்பிச்சுடுவோம். வீட்டுல கணக்குக் கேக்கறவங்ககிட்ட "இதனால மிச்சமாகும்"னு வாக்குக் குடுக்காதீங்க.

சப்ளைங்கறதும் ஒரு காரணம். 2020க்கு முன்னாடி ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைச்சுது, கொரோனா சமயத்துல கடை ரேக்கே காலியா கிடந்துது, கிடைச்ச இடத்துல நூறு டாலருக்கு மேல கேட்டாங்க. அப்ப பெரிய மெஷின் வச்சிருந்தவங்களும் பிரைமர் இல்லாம சும்மாதான் உக்காந்திருந்தாங்க. அதனால மெஷினுக்கு வச்சிருக்கற காசுல ஒரு பகுதிய பிரைமருக்கு ஒதுக்குங்க.

காஸ்ட்லி பிரஸ் யாருக்கு சரி

யூஎஸ்பிஎஸ்ஏ மாதிரி பிஸ்டல் போட்டிக்குப் போறவங்க, மாசம் ஆயிரம் ரவுண்டு வேணும். சிங்கிள் ஸ்டேஜ்ல அதுக்கு பதினாறு பதினேழு மணி நேரம், ப்ரோக்ரஸிவ்ல ரெண்டு மணிக்குள்ள. குடும்பம் குழந்தைன்னு இருக்கற ஆளுக்கு மாசம் பதினஞ்சு மணி நேரம்ங்கறது சின்ன விஷயம் இல்ல, இவங்களுக்கு டில்லன் 550ஓ 750ஓ ஒவ்வொரு டாலருக்கும் தகும். அரிசோனால ஸ்காட்ஸ்டேல்ல இருக்கற அந்தக் கம்பெனி ஆயுள் முழுக்க வாரண்டி தருது, பார்ட் தேஞ்சா உடைஞ்சா அனுப்பி வைக்கறாங்கன்னு ரொம்ப வருஷமா பேரு. இதுனாலதான் பழைய டில்லன் கூட வித்தா நல்ல விலைக்குப் போகுது, அதையும் கணக்குல சேத்துக்கணும், வேண்டாம்னு தோணினா பெரிய நஷ்டம் வராது.

550க்கும் 750க்கும் நடுவுல யோசிக்கறவங்களுக்கு ஒரு விஷயம். 550ல நாலு ஸ்டேஷன், கேஸுங்க நிக்கற தட்ட கையால நீங்கதான் சுத்தணும், சுத்த மறந்து திரும்ப கைப்பிடிய இழுத்தா ஒரே கேஸ்ல ரெண்டு தடவ பவுடர் விழுந்துடும். டபுள் சார்ஜ்னா துப்பாக்கி வெடிச்சு கை போற அளவுக்கு ஆபத்து. 750ல அஞ்சு ஸ்டேஷன், தானா சுத்தும், பவுடர் அளவு தப்பினா கத்தற பவுடர் செக் மாட்ட இடம் இருக்கு. கவனம் சிதறுற ஆளுன்னு உங்களுக்கே தெரிஞ்சா அந்த வித்தியாசத்துக்குக் காசு குடுங்க. எந்த மெஷினா இருந்தாலும் ரெண்டு தடவ விழுந்தா கேஸ் வழிஞ்சு வெளிய கொட்டற மாதிரி பருமனான பவுடரா மேனுவல்ல பாத்து எடுத்துக்கங்க, அது காசில்லாத பாதுகாப்பு.

சிங்கிள் ஸ்டேஜ்லயும் பிரீமியம் இருக்கு. ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் இருக்கு, டரெட் வகைல ஏரியா 419ஓட ஜீரோ பிரஸ் ஆயிரம் டாலர தாண்டும், அழகான மெஷின், கைப்பிடி இழுக்கும்போதே அந்த வேலைப்பாடு தெரியும். ஆனா அதுல செஞ்ச தோட்டாவையும் ஒழுங்கா செட் பண்ணின ஆர்சிபிஎஸ் கம்பெனியோட ராக் சக்கர் பிரஸ்ல செஞ்ச தோட்டாவையும் குடுத்து எது எதுன்னு புதுசா சுடறவரால டார்கெட்ட பாத்து சொல்ல முடியாது. துப்பாக்கி, புல்லட், கேஸ், சுடற கை, இதெல்லாம் குரூப் அளவுல (டார்கெட்ல ஓட்டைங்க எவ்வளவு நெருக்கமா விழுதுங்கறதுல) காட்டற வித்தியாசம் பிரஸ் காட்டற வித்தியாசத்த விட ரொம்ப பெருசு. வருஷக்கணக்கா சுட்டு, மத்த எல்லாத்தையும் சரி பண்ணினவங்க ஆசைக்கு வாங்கறது இது.

வருஷத்துக்கு ஒரு பெட்டி ரெண்டு பெட்டி மட்டும் வேட்டைக்கு சுடறவங்களுக்கு லீ கம்பெனி செட்டே தாராளம்.

தராசு, கேஸ், டை: இங்கதான் காசு போகணும்

பவுடர அளக்கறது கிரெய்ன் கணக்குல, ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். சாதாரண பீம் தராசு 0.1 கிரெய்ன் வரைக்கும் சரியா காட்டும், பாட்டரியும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம், ஆரம்பிக்கறவங்களுக்கு இத விட நம்பிக்கையான சாமான் இல்ல. தவிர்க்க வேண்டியது அந்த 25 டாலர் எலக்ட்ரானிக் தராசு. காலைல ஜீரோ பண்ணிட்டு ஆரம்பிப்பீங்க, முப்பதாவது கேஸ்ல வெறும் தட்ட எடுத்து வச்சா ஜீரோ நகந்திருக்கும், அதுக்கு நடுவுல ஊத்தின அத்தனையும் சந்தேகம். தராசு எதுவா இருந்தாலும் செக் வெயிட் (எடை துல்லியமா தெரிஞ்ச சின்ன எடைக்கல்) வாங்கி வச்சுக்கங்க, பத்து கேஸுக்கு ஒரு தடவ அத வச்சுப் பாருங்க. ஏசி காத்து நேரா படற இடத்துல வைக்காதீங்க, நகைக்கடைல தராசுக்கு கண்ணாடிப் பெட்டி போட்டிருக்கறதும் இதே காரணத்துக்குத்தான்.

ஏ அண்ட் டி எஃப்எக்ஸ்-120ஐ தராசும் அதோட சேர்ற, பவுடர கொஞ்சம் கொஞ்சமா தானா கொட்டற ஆட்டோ டிரிக்லரும் சேந்தா ஆயிரம் டாலர தாண்டும். அது 0.02 கிரெய்ன் வரைக்கும் காட்டும், நீளமான குச்சி மாதிரி இருக்கற ரைஃபிள் பவுடர்ல ஏறக்குறைய ஒரு துகள் எடை. இது தேவையான்னா, 1000 கஜம் சுடறவங்களுக்கு தேவை. 6.5 கிரீட்மோர்ல ரெண்டு தோட்டாவுக்கு நடுவுல வேகம் நொடிக்கு 50 அடி வித்தியாசப்பட்டா 1000 கஜத்துல மேல கீழ சுமாரா ஒரு அடி தள்ளிப் போயிடும். 100 கஜத்துல அதே வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பிஆர்எஸ் மாதிரி தூரம் சுடற ரைஃபிள் போட்டிக்குப் போறவங்க காஸ்ட்லி பிரஸ் வேணுமா காஸ்ட்லி தராசு வேணுமான்னு கேட்டா, யோசிக்காம தராசுன்னு சொல்லிடுவேன்.

அதுக்கும் முன்னாடி ஒரு குரோனோகிராஃப், அதாவது குண்டோட வேகத்த அளக்கற கருவி, வாங்குங்க. கார்மின் ஸீரோ சி1 ப்ரோ 600 டாலர் பக்கம், பென்ச்ல ஓரமா வச்சா போதும், ஒவ்வொரு குண்டோட வேகத்தையும் காட்டிடும். வேகம் எவ்வளவு சிதறுதுன்னே தெரியாம அத குறைக்கறதுக்கு ஆயிரம் டாலர் தராசு வாங்கறது சரியில்ல.

கேஸுக்கு வந்தா, ரைஃபிளுக்கு லப்புவா மாதிரி நல்ல கேஸ் ஒரு டாலர், அதுக்கு மேல கூட ஆகும், அது தரும். எடையும் கழுத்துத் தடிமனும் பெட்டி முழுக்க ஒரே மாதிரி இருக்கும், நாள்பட உழைக்கும். ரேஞ்சுல பொறுக்கின அஞ்சு கம்பெனி கலப்படக் கேஸ வச்சுகிட்டு துல்லியம் வரலைன்னு மெஷின மாத்தினவங்கள பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

டைல சாதாரண செட் 50, 60 டாலருக்கே நல்லதா கிடைக்குது. பிஸ்டல் காலிபருக்கு கார்பைட் டை வாங்குங்க, ஒவ்வொரு கேஸுக்கும் எண்ணெய் தடவற வேலை மிச்சம். ரைஃபிள்ல அடுத்த கட்டத்துக்குப் போறப்ப மைக்ரோமீட்டர் வச்ச சீட்டிங் டை ஒண்ணு, ரெடிங்கோ ஃபார்ஸ்டரோ, அது செலவுக்கு தகும், ஏன்னா புல்லட் எவ்வளவு ஆழம் உக்காரணும்ங்கறத எண்ணு பாத்து திருப்பி வச்சுக்கலாம், ஒவ்வொரு தடவையும் தடவித் தடவி செட் பண்ண வேண்டாம். கேஸ் கழுத்த சூடுபடுத்திப் பதப்படுத்தற ஏஎம்பி அனீலிங் மெஷின், கேஸ் கழுத்த சீவற கருவி இதெல்லாம் முதல் வருஷத்துல தொடவே தொடாதீங்க.

விலைச்சீட்டுல தெரியாத செலவு

மெஷின் விலைய மட்டும் பாத்து முடிவு பண்ணினா ஏமாந்துடுவீங்க. ப்ரோக்ரஸிவ்ல காலிபர் மாத்தணும்னா கன்வெர்ஷன் கிட் தனி, டை தனி, டை மாட்டற டூல்ஹெட் தனி, ஒரு காலிபருக்கு இருநூறு டாலர் சர்வசாதாரணமா போயிடும். மூணு காலிபர் வச்சிருக்கீங்கன்னா கூட்டிப் பாருங்க. சிங்கிள் ஸ்டேஜ்ல அதே வேலைக்கு ஒரு டை செட்டும் கேஸ புடிச்சுக்கற ஒரு ஷெல்ஹோல்டரும் போதும். கேஸ் கழுவற டம்ளர் (சுத்தற மெஷின்), நீளம் அளக்கற காலிப்பர், ரைஃபிளுக்கு கேஸ் நீளம் வெட்டற டிரிம்மர், தப்பா செஞ்ச தோட்டாவ பிரிக்கற புல்லட் புல்லர், ஆடாத மேஜை, இத்தனையும் எந்த மெஷினுக்கும் பொது. பவுடரும் பிரைமரும் ஆன்லைன்ல வாங்கினா ஹாஸ்மட் கட்டணம் (ஆபத்தான சரக்கு அனுப்பறதுக்கான கட்டணம்) தனியா ஏறும், அதனால ரெண்டு மூணு பேர் சேந்து ஆர்டர் பண்றது வழக்கம். பணம் குடுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் சேத்து எழுதிப் பாருங்க, 800 டாலர்னு நினைச்சது 1500ல நிக்கும்.

எந்த வரிசைல வாங்கறது

மொதல்ல ரெண்டு கம்பெனியோட ரீலோடிங் மேனுவல், அச்சுப் புத்தகமா வாங்குங்க, முன்பகுதிய முழுசா படிங்க. பவுடர் அளவு அந்த மேனுவல்ல இருந்தோ பவுடர் கம்பெனி தர்ற டேட்டால இருந்தோ மட்டும்தான் எடுக்கணும், மேனுவல் சொல்ற ஆரம்ப அளவுலதான் ஆரம்பிக்கணும். முகம் தெரியாத ஆள் எழுதின அளவ ஊத்திப் பாக்கறது உயிரோட விளையாடறது.

அப்புறம் ஒரு சிங்கிள் ஸ்டேஜ், இல்ல லீ கிளாசிக் டரெட். பீம் தராசு, செக் வெயிட், காலிப்பர், ஒரே ஒரு காலிபருக்கு டை. இதோட ஒரு ஆறு மாசம் ஓட்டுங்க. இந்த ஆறு மாசத்துல கை கத்துக்கற விஷயம் எந்த மெஷினாலயும் தர முடியாது. பிரைமர் உக்காந்தப்புறம் விரல் நுனிய கேஸ் அடிப்பக்கமா ஓட்டினா அது ஒரு மயிரிழை உள்ளாற இருக்கணும், துருத்திட்டு இருந்தா விரல்ல தட்டும். 50 கேஸும் பவுடரோட லோடிங் பிளாக்ல (கேஸ நிக்க வைக்கற குழிப் பலகை) நிக்கும்போது டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சு வரிசையா எட்டிப் பாருங்க, எல்லாத்துலயும் பவுடர் ஒரே மட்டத்துல தெரியணும், ஒண்ணு மட்டும் பள்ளமா இருட்டா தெரிஞ்சா அது காலி, இல்ல பாதி. அந்தத் தோட்டாவ சுட்டா குண்டு பேரல் நடுவுல நின்னுடும், அது தெரியாம அடுத்தத சுட்டா பேரல் பொளந்துடும். இந்தப் பார்வை பழகினவங்க ப்ரோக்ரஸிவுக்குப் போனா கைப்பிடி இழுக்கும்போதே எங்கயோ இடிக்குதுன்னு உணர்ந்து நிறுத்திடுவாங்க.

நேரா ப்ரோக்ரஸிவ்தான் வாங்குவேன்னு முடிவு பண்ணியிருந்தா, முதல் ரெண்டு மூணு நூறு தோட்டாவ ஒரு நேரத்துல ஒரே கேஸ் மட்டும் உள்ள விட்டு செய்யுங்க.

வீட்டுல குழந்தைங்க இருந்தா

பிரைமர்ல ஈயம் கலந்த ரசாயனம் இருக்கு, சுட்ட கேஸ காய்ஞ்ச சோளக்கதிர் தூள்லயோ வால்நட் தூள்லயோ போட்டு சுத்தினா அந்த ஈயத் தூசி காத்துல பறக்கும். குழந்தைங்களுக்கு ஈயம் மூளை வளர்ச்சிய பாதிக்கும், கொஞ்சம்னாலும் கெடுதல்தான். அதனால புது பிரஸ்ஸுக்கு முன்னாடி தண்ணில கழுவற டம்ளருக்கு காசு ஒதுக்குங்க, கராஜ்லயே வேலைய வச்சுக்கங்க, கிச்சன் மேஜைல செய்யாதீங்க, அந்தக் கையோட டீ கூட குடிக்காதீங்க. பவுடர் அதோட சொந்த டப்பால, பிரைமர் அதோட சொந்தப் பெட்டில, ரெண்டும் தனித்தனியா பூட்டுக்குள்ள. எத்தன வரைக்கும் வீட்டுல வைக்கலாம்ங்கறதுக்கு தீயணைப்பு விதி இருக்கு, பொதுவா பின்பற்றப்படற அளவு பவுடர் 20 பவுண்டு, பிரைமர் 10,000, அபார்ட்மென்ட்ல இருந்தா லீஸ் என்ன சொல்லுதுன்னும் பாருங்க.

யூஸ்ட் வாங்கறப்ப

நான் யாருக்கும் முதல்ல சொல்றது யூஸ்ட் ராக் சக்கர தேடுங்கன்னுதான். வார்ப்பிரும்பு பிரஸ், தாத்தா காலத்துது கூட இன்னைக்கும் ஓடுது, பாதி விலைக்குக் கிடைக்கும். நேர்ல போய் கைப்பிடிய மேல கீழ ஆட்டுங்க, ராம் (கேஸ மேல தூக்கற தண்டு) பக்கவாட்டுல ஆடுதான்னு விரல் வச்சுப் பாருங்க, மேல டை மாட்டற மரை தேஞ்சிருக்கான்னு சொந்த டை ஒண்ணு எடுத்துட்டுப் போய் திருகிப் பாருங்க, மேல்துரு இருந்தா பரவால்ல, ராம்ல குழி விழற துருன்னா வேண்டாம். விக்கறவர் அன்பா பாதி டப்பா பவுடரும் இனாமா வச்சுக்கோப்பான்னு குடுப்பார். தேங்க்ஸ் சொல்லி அத மட்டும் வாங்காம வாங்க, திறந்த டப்பால லேபிள்ல இருக்கறதுதான் உள்ள இருக்குன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. அவர் லோட் பண்ணி வச்சிருக்கற தோட்டாவும் அப்படித்தான், சுடாதீங்க.